குடிக்க உகந்தது

நெய்தல் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடத்தில் ஓர் இயந்திரம் இருந்தது. இரண்டு வருடமும் நாலு மாதமும் இருந்தது. இருந்ததைத் தவிர வேறு எந்த வேலையும் அது செய்யவில்லை. தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து கிடப்பதை ஒளி பாய்ச்சி அளந்து சொல்கிற நிறமாலை ஒளிமானி அது. வந்திறங்கிய நாளின் பிளாஸ்டிக் உறையோடு, ஆய்வுகூட மூலையில் ஒரு தேக்கு மேசைமேல், பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடப்பட்டு வீற்றிருந்தது. அதைத் திறந்துவைக்கத் தகுதியான ஆள் கிடைக்கவில்லை. ஒரு பிரதியமைச்சர் வருவதாக இருந்தார், பதவி போய்விட்டது. ஓர் ஆணைக்குழுத் தலைவர் வருவதாக இருந்தார், ஆணைக்குழுவே போய்விட்டது. இயந்திரத்தின் உத்தரவாதக் காலமும் உறைக்குள்ளேயே முடிந்துபோனது. படுக்கை விரிப்பு மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகத் துவைக்கப்பட்டது.

துவைப்பவர் ஆய்வுகூடத் தொழினுட்ப உத்தியோகத்தர் நளீம். அந்த அறைப் பூட்டின் திறப்பை அவர் அரைப்பட்டியில் கட்டியிருந்தார். யாராவது மாணவர் கிட்டப் போனால், “தொடாதங்க புள்ளையள். படிக்கிற ஆக்கள் தொட்டா பழுதாப் போயிரும்,” என்பார். அதில் அவருக்கு எந்த நகைச்சுவையும் தெரியவில்லை.

நுஸ்ரத் இரசாயனவியல் மூன்றாம் வருடம். அந்த இயந்திரத்தின் கையேட்டை இணையத்தில் இறக்கி, அட்டையிலிருந்து அட்டைவரை படித்து வைத்திருந்தாள். அவளுக்கு அது பரீட்சைக்காக வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக வேண்டியிருந்தது.

கல்முனையில், சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்டம் ஒன்றின் ஒன்பதாம் ஒழுங்கையில் அவள் வீடு. அங்கே வீட்டுக்கு முன்னால் கிணறு, பின்னால் மலசலகூடக் குழி. இரண்டுக்கும் இடையில் இருபதடி மணல். குழாய்த் தண்ணீர் ஒழுங்கை முனைவரை வந்து, ஒரு திறப்பு விழாவைக் கண்டுகொண்டு, அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு ஹிதாயாவுக்கு மூன்று மாதக் குழந்தை, அம்ஹா. காய்ச்சலோடு தாய்ப்பால் வற்றிப்போனதால் மாப்பால். கொஞ்ச நாளாக, குழந்தை அழும்போதெல்லாம் உதடு நீலம் பாய்ந்தது.

நுஸ்ரத்துக்கு நைத்திரேற்றைப் பற்றித் தெரியும். குழியிலிருந்து மணலுக்குள் இறங்கி, கிணற்றுக்கு வந்து, சின்னக் குழந்தையின் இரத்தம் காற்றைச் சுமக்க முடியாமல் பண்ணுகிற சாமான் அது. முதலாம் வருடச் செய்முறையில் மிஞ்சிய சோதனைத் தாள் ஒன்றை ஹிதாயாவின் கிணற்றுத் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். தாள் அடர் இளஞ்சிவப்பானது. ஆனால் அந்தத் தாளும் காலாவதியாகி ஒரு வருடம்.

“ராத்தா, இந்தத் தண்ணில பால் கரைக்காதங்க,” என்று சொன்னாள்.

“நல்லாக் கொதிக்க வெச்சித்தானேகா குடுக்கன்,” என்றாள் ஹிதாயா. “நேத்தெல்லாம் பாதியா வத்துமட்டுக்கும் கொதிக்க வெச்ச.”

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று சாகாது. பாதியாக வற்றினால் இரண்டு மடங்காகும். அதை நுஸ்ரத் சொன்னதும் ஹிதாயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“கடதாசித் துண்டு நிறம் மாறினத்துக்கு நான் என்னத்தக் கண்ட? இந்தத் தண்ணியக் குடிச்சித்தான் மாமி அஞ்சி புள்ள வளத்த. உங்கட பெரிய மெசின் இரிக்காமே, அதுல போட்டு எழுத்துல கொண்டு வா. அண்டைக்கே நிப்பாட்டிர்றன்.”

எழுத்தில் வேண்டும் என்றாள். நியாயமான கேள்விதான். நுஸ்ரத் ஒரு போத்தல் தண்ணீரோடு கலாநிதி ஜெமீலிடம் போனாள். அவர் சிரேஷ்ட விரிவுரையாளர். தண்ணீர் மாசு பற்றி வெளிநாட்டில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர், ஊருக்கு வந்தபின் போத்தல் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைக் கண்ணால் பார்க்காதவர்.

“திறந்து வெக்காத மெசின்ல எப்பிடிச் சோதிக்கிற?” என்று கேட்டார். “நாளைக்கு பிரதம அதிதி வந்து திறக்கக்குள்ள, அது ஏற்கனவே வேலை செஞ்ச மெசின் எண்டா, நாம அவருக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகாதா? விஞ்ஞானத்துக்கு நேர்மை முக்கியம் நுஸ்ரத்.”

நேர்மையான மனிதர்களோடு வாதாடிப் பயனில்லை. அவள் திரும்பி வந்தாள்.

பத்து நாளில் அறிவித்தல் வந்தது. விஞ்ஞானத் திறந்த நாள். தொனிப்பொருள், ‘மக்களின் வாசலில் விஞ்ஞானம்’. மக்கள்தான் பஸ் பிடித்துப் பல்கலைக்கழக வாசலுக்கு வரவேண்டும் என்பது சின்ன எழுத்தில் இருந்தது. வரும்போது தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டு வந்தால், புதிய இயந்திரத்தில் இலவசமாகச் சோதித்து, சான்றிதழும் தரப்படும். தொண்டர்கள் தேவை.

நுஸ்ரத் முதலாவதாகப் பெயர் கொடுத்தாள். அன்று பின்னேரம் தொடங்கி ஒன்பது ஒழுங்கையும் கால் தேய நடந்தாள். போத்தலை மூன்று தரம் கழுவுங்க, பெயரை எழுதி ஒட்டுங்க, கட்டாயம் வாங்க என்று வீடு வீடாகச் சொன்னாள். ஹிதாயாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். “சரிகா, வாறன்,” என்றாள் ஹிதாயா.

தொண்டர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது. இயந்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. முதல் நாள் வரிசையில் நிற்கப் பழக்கினார்கள். இரண்டாம் நாள் கைதட்டப் பழக்கினார்கள். பிரதம அதிதிக்கு இருபது வினாடி, உபவேந்தருக்குப் பதினைந்து, பீடாதிபதிக்குப் பன்னிரண்டு. விரிவுரையாளர்களுக்குக் கைதட்டல் தன்னிச்சையாக எழவேண்டும், அதையும் இரண்டு தரம் ஒத்திகை பார்த்தார்கள். மூன்றாம் நாள் முழு ஒத்திகை. பிரதம அதிதியாக நடிக்கத் திருக்கோவில் பொடியன் ரஜிதனைப் பிடித்தார்கள். அவன் வகுப்பில் எந்நேரமும் கேள்வி கேட்டு ஏச்சு வாங்குகிறவன். ஜெமீலின் கோட்டை மாட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளி, யார் முகத்தையும் பார்க்காமல் அவன் நடந்து வந்த நடைக்கு, இரண்டு விரிவுரையாளர்கள் தங்களை அறியாமல் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்கள். பிறகு சுதாரித்து, கால் மரத்துப் போனதுபோல் உதறிக்கொண்டார்கள்.

“மூண்டு வருசம் படிச்சும் நமக்கு ஒருத்தரும் இப்பிடி எழும்பல்ல,” என்றான் ரஜிதன் அவள் காதில். “கேள்வி கேக்காம நடந்தாக் காணும் போல.”

எல்லாருக்கும் நீலச் சட்டை கொடுத்தார்கள். முதுகில் ‘கேள், தேடு, கண்டுபிடி’ என்று எழுதியிருந்தது. “சேர், சோதிக்கிறத்துக்கு மெசினக் கொஞ்சம் பழகிப் பாக்க வேணாமா?” என்று நுஸ்ரத் கேட்டாள். “அதெல்லாம் அண்டைக்குப் பாப்பம்,” என்றார் ஜெமீல். முதுகில் எழுதியிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, அவள் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விழா ஒன்பது மணிக்கு. எட்டரைக்கெல்லாம் சனம் வந்துவிட்டது. சோடாப் போத்தல், தேன் போத்தல், இருமல் பாணிப் போத்தல், ஒரு மனிதர் கொழும்பிலிருந்து வந்த வாசனைத் திரவியக் குப்பி. ஹிதாயா குழந்தையைத் தோளிலும், கழுவிப் பளபளவென்று துடைத்த பன்னீர்ப் போத்தலைக் கையிலும் வைத்துக்கொண்டு வந்தாள். இயந்திரம் இருந்த அறை பூட்டியிருந்தது. அதிதி வரும்வரை எங்கே நிற்பது என்று யாரும் சொல்லவில்லை.

நுழைவாயில் பந்தலின் கீழ், குர்ஆன் கிறாஅத் ஓதுவதற்காக அழைக்கப்பட்ட இப்றாலெப்பை மௌலவி நேரத்துக்கே வந்து ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பார்த்தார்கள். கையில் போத்தல் தண்ணீர் இருக்கிறது, எதிரே மௌலவி இருக்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல், கண்ணூறு, பரீட்சை என்று எதற்கும் தண்ணீர் ஓதிக் குடித்துப் பழகிய ஊர். மேற்கொண்டு யாரும் யோசிக்கவில்லை. ஒருத்தி போய் மூடியைத் திறந்து நீட்டினாள், அவளுக்குப் பின்னால் வரிசை தானாகக் கட்டியது. மூன்று நாள் பழகிய தொண்டர்களின் வரிசை அவ்வளவு நேராக இருந்ததில்லை.

பீடாதிபதி பேராசிரியர் ஆதம்பாவா மேலே மாடியிலிருந்து அதைக் கண்டு உருகிப்போனார். “பாருங்க ஜெமீல், விஞ்ஞானத்துக்கு எங்கட சனம் எப்பிடி வரிசைல நிக்கிது! படம் எடுங்க, படம் எடுங்க!” மேலேயிருந்து எடுத்ததால் மௌலவி பந்தலுக்குள் மறைந்துவிட்டார். அந்தப் படம் அரை மணித்தியாலத்தில் பல்கலைக்கழக முகநூல் பக்கத்தில் ‘அறிவைத் தேடி அலைமோதும் மக்கள்’ என்று ஏறியது.

மௌலவி முப்பது போத்தலுக்கு ஓதிய பிறகுதான் விசாரித்தார். விசயம் தெரிந்ததும் வரிசையைப் பார்த்துச் சொன்னார், “ஓதுறத்துக்கு நம்மட பள்ளிக்கு எந்த நாளும் வரலாம். இங்க வந்தது மெசின்ல போட. ஓதினா உப்புப் போகாது, அழுக்குப் போகாது. அத அளந்து பாக்கத்தான் அல்லாஹ் அறிவத் தந்திரிக்கான். அந்தப் புள்ளையிட்டப் போங்க.” தன் பள்ளிவாசல் கிணற்றுத் தண்ணீர் ஒரு போத்தலை அவரும் பையிலிருந்து எடுத்து நுஸ்ரத்திடம் கொடுத்தார். அன்றைய தினம் முழுவதும் அந்த வளாகத்தில் பேசப்பட்ட ஒரே விஞ்ஞான உரை அதுதான் என்பதை அவள் அப்போது அறியவில்லை.

பிரதம அதிதி பதினொன்றரைக்கு வந்தார். தலைநகர் அமைச்சொன்றின் பெரிய செயலாளர். பொல்லடிக் குழு கம்புகளைத் தட்டி முன்னால் ஆடிவர, குழந்தைகள் வெற்றிலைத் தட்டு நீட்ட, தொண்டர்கள் இருபது வினாடி தட்டினார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. போத்தல்காரர்கள் வெயிலில் நின்றார்கள். மேடையில் ஒவ்வொருவர் முன்னாலும் மூடி உடைக்காத தண்ணீர்ப் போத்தல் குளிர்ந்துகொண்டிருந்தது.

பேராசிரியர் ஆதம்பாவா வரவேற்றார். “விஞ்ஞானம் எண்டால் நேரம் தவறாமை,” என்று தொடங்கி நாற்பது நிமிடம் பேசினார். “எங்கள் பீடத்தில் உள்ள கருவிகளைப் போல் இந்த மாகாணத்தில் எங்கும் இல்லை. இரண்டு வருடமாகியும் ஒரு கீறல் இல்லாமல் வைத்திருக்கிறோம். எத்தனை பல்கலைக்கழகங்களில் இயந்திரத்தைப் பாவித்துப் பாவித்துப் பழுதாக்கிப் போட்டிருக்கிறார்கள், உங்களுக்குத் தெரியும்!” பன்னிரண்டு வினாடி கைதட்டல்.

பிரதம அதிதி எளிமையானவர். “நான் படிக்கிற காலத்தில் விஞ்ஞானம் எனக்கு ஓடவே இல்லை,” என்றார். “ஓடியிருந்தால் இன்றைக்கு உங்கள் வரிசையில் வெயிலில் நின்றிருப்பேன். ஓடாததால் இங்கே நிற்கிறேன். ஆகவே மாணவர்கள் மனம் தளரக்கூடாது. கேள்வி கேளுங்கள்! கேள்விதான் விஞ்ஞானத்தின் தாய்!” ரஜிதன் கையை உயர்த்தினான். “இப்ப வேண்டாம் தம்பி, நேரமில்லை,” என்று முடித்துக்கொண்டார்.

ஒன்றேகாலுக்கு நாடா வெட்டப்பட்டது. படுக்கை விரிப்பை அதிதி உருவினார். நளீம் கண்கலங்க உறையைக் கழற்றினார். அதிதி ஒரு பொத்தானை அழுத்தினார், பச்சை விளக்கு எரிந்தது. இயந்திரத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்துச் சுவரில் பெயர்ப்பலகை திரைநீக்கம் செய்யப்பட்டது. நுஸ்ரத் முதல் போத்தலோடு மேசையடிக்கு ஓடினாள். அதற்குள் நளீம் மின்னிணைப்பைக் கழற்றியிருந்தார்.

“இன்னும் பொருட் பதிவேட்டுல ஏறல்ல மகள்,” என்றார் இரகசியம் சொல்வதுபோல். “திறந்த மெசினப் பதிவாளர்ர கடிதம் வந்தாத்தான் பாவிக்கலாம். அதுவரைக்கும் அது திறந்த மெசின், அவ்வளவுதான்.” சொல்லிக்கொண்டே உறையைத் திரும்ப மாட்டினார். பொன்னாடைக்கு மேலால் படுக்கை விரிப்பும் வந்து விழுந்தது.

வெளியே நூற்று முப்பத்தேழு போத்தல்கள் மேசைமேல் பெட்டிகளில் அடுக்கியிருந்தன. ஜெமீல் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தார். மினுமினுப்பான தடித்த தாள், தங்க ஓரம், பல்கலைக்கழக இலச்சினை. நடுவில் கொட்டை எழுத்தில் ‘இந்நீர் குடிக்க உகந்தது’. கீழே இடது பக்கத்தில் பீடாதிபதியின் ஒப்பம் ஏற்கனவே அச்சிட்டிருந்தது. வலது பக்கத்தில் ‘சோதித்தவர்’ என்று ஒரு புள்ளிக் கோடு.

“சேர், இது சோதிக்க முதலே அடிச்சதா?”

“பின்ன? சோதிச்சுப் போட்டு எப்ப அச்சுக்குக் குடுக்கிற?”

“தண்ணி கெட்டதெண்டா குடுக்கிற தாள் எங்க சேர்?”

ஜெமீல் அவளை இரக்கத்தோடு பார்த்தார். “நுஸ்ரத், சான்றிதழ் எண்டாலே நல்லதுக்குக் குடுக்கிறதுதானே. பெயிலான ஆளுக்கு நாம எங்கயாவது பட்டம் குடுத்திருக்கமா? கெட்டதுக்கு எவனும் சான்றிதழ் அடிக்கிறல்ல.”

அவள் பேனையைக் கீழே வைத்தாள். “நான் ஒப்பம் வெக்க மாட்டன் சேர். இதுல சின்னப் புள்ளைட பாலுக்குப் பாவிக்கிற தண்ணி இரிக்கி.”

ஜெமீல் குரலைத் தாழ்த்தினார். “கேள். சனம் வெயில்ல நிக்கிது, வெறுங்கையோட போனா நாளைக்கு நம்மளத்தான் பேசும். திங்கக்கிழம அந்தக் கடிதத்த நானே வாங்கித் தாறன். மெசின உன்ட கைல தாறன். எல்லாப் போத்தலையும் நீயே சோதி. பிழையான ஆக்கள்ர வீட்டுக்கு நாம ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவம். இப்ப ஒப்பத்த வை. இல்லாட்டி இந்தப் போத்தலயெல்லாம் வெளிய எறியச் சொல்லுவன், பிறகு திங்கக்கிழமையும் இல்ல.”

போத்தல்களைப் பார்த்தாள். பெயர் எழுதி ஒட்டிய நூற்று முப்பத்தேழு போத்தல்கள். அவை மிஞ்சினால் உண்மை மிஞ்சும் என்று நினைத்தாள். அந்தக் கணக்கில்தான் பிழைத்துவிட்டாள். நுஸ்ரத் ஒப்பமிடத் தொடங்கினாள்.

ஹிதாயாவின் தாளை மட்டும் கொடுக்காமல் நழுவவிடலாம் என்று எண்ணியிருந்தாள். ஆனால் பீடாதிபதிக்குத் தாயும் சேயுமாய் ஒரு படம் தேவைப்பட்டது. வரிசையைப் பார்த்தார், அம்ஹாவைக் கண்டார், ஒப்பமிட்ட கட்டின் மேலிருந்து ஒரு தாளை உருவி ஹிதாயாவின் கையில் கொடுத்தார். குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். நுஸ்ரத் எழுந்து, “ராத்தா, அத நம்பாதங்க, திங்கக்கிழமதான் சரியாச் சொல்லுவன்!” என்று கத்தினாள். பொல்லடிக் குழு இரண்டாவது ஆட்டத்தைத் தொடங்கியிருந்தது. ஹிதாயா அவளைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள்.

இப்றாலெப்பை மௌலவியிடம் தாளை நீட்டியபோது அவர் கையை நீட்டவில்லை. “மெசின் என்ன சொன்ன மகள்?”

“மெசின்... போடல்ல ஹசரத்.”

“அப்ப இது யார் சொன்ன?” அவர் தாளை வாங்காமலே போனார்.

கடைசி நிகழ்ச்சி மரநடுகை. விஞ்ஞான பீடத்தின் முன்னால் நீளமாக ஒரு மணல் துண்டு. அதில் வந்துபோன அதிதிகள் நட்ட கன்றுகள் வரிசையாகக் கருகிக் குச்சியாக நின்றன. குச்சிகளுக்குப் பக்கத்தில் அதிதிகளின் பெயர்ப்பலகைகள் மட்டும் வெயிலில் மின்னின. செயலாளர் ஒரு மருதங்கன்றை நட்டார். தண்ணீர் ஊற்ற வேண்டும். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை.

“அந்தா மேசைல கிடக்கு!” என்றார் பீடாதிபதி.

நுஸ்ரத் ஓடிவருவதற்குள் நளீம் இரண்டு பெட்டியைத் தூக்கிவிட்டார். இருந்ததில் அழகான பன்னீர்ப் போத்தலைத் தேர்ந்து, பெயர் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்டிவிட்டு, செயலாளரின் கையில் கொடுத்தார். ஹிதாயாவின் கிணறு மருதங்கன்றின் காலடியில் கவிழ்ந்தது. பிறகு உபவேந்தர் ஊற்றினார், பீடாதிபதி ஊற்றினார், துறைத்தலைவர்கள் ஊற்றினார்கள். படம் சரியாக வரவில்லை என்று திரும்பவும் ஊற்றினார்கள். “சேர், அது சாம்பிள்! சோதிக்க வெச்ச சாம்பிள்!” என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். ரஜிதன் ஒரு போத்தலையாவது காப்பாற்றப் பார்த்து, காவலாளியிடம் தள்ளு வாங்கினான். முடிவில் நூற்று முப்பத்தேழு வெறும் போத்தல்கள் மணலில் உருண்டு கிடந்தன. அன்று மாலை வெளியான செய்திக்குறிப்பில் ‘137 நீர் மாதிரிகள் முழுமையாகப் பயன்படுத்தப்பட்டன’ என்று இருந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

திங்கட்கிழமை கடிதம் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. நுஸ்ரத் ஒவ்வொரு நாளும் ஹிதாயாவின் வீட்டுக்குப் போனாள். சமையலறைச் சுவரில் சான்றிதழ் லெமினேட் செய்து ஆணியில் தொங்கியது. கல்முனை பஸ்நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் கொடுத்துச் செய்வித்ததாம்.

“ராத்தா, அது சோதிக்காமக் குடுத்த. அல்லாஹ்க்காகக் கேளுங்க.”

“நீதானேகா ஒப்பம் வெச்சிரிக்காய்? பீடாதிபதி தன்ட கையாலயே தந்த. போதாத்துக்கு ஹசரத் வேற ஓதின தண்ணி. இதுக்கு மேல என்ன வேணும்?” ஹிதாயா அடுப்பில் தண்ணீரை இன்னும் கொஞ்சம் வற்றவிட்டாள். “முதல்ல கெட்டதெண்டாய். மறுகா நல்லதெண்டு எழுதித் தந்தாய். இப்பத் திரும்பக் கெட்டதெண்டுறாய். உனக்கு என்ன புடிச்சிரிக்கி?”

நுஸ்ரத் ஒழுங்கை முனைக்குழாயில் பிளாஸ்டிக் கான் கொண்டுபோய்த் தண்ணீர் எடுத்துவந்து வாசலில் வைத்தாள். ஹிதாயா அதில் பாத்திரம் கழுவினாள். நல்ல தண்ணீர் இருக்க, சான்றிதழ் இல்லாத தண்ணீரை யார் பிள்ளைக்குக் கொடுப்பார்கள்?

பதினோராம் நாள் காலை குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நுஸ்ரத் விரிவுரையை விட்டுவிட்டு ஓட்டோ பிடித்து ஓடினாள். அம்ஹா ஈயத்தின் நிறத்தில் கிடந்தாள். இளம் பெண் டொக்டர் ஒருவர் இருதயத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் துண்டு எழுதிக்கொண்டிருந்தார்.

“தண்ணிய யோசிச்சிங்களா டொக்டர்?”

“முதல் கேள்வியே அதுதானே. அம்மா சான்றிதழே காட்டினா. பல்கலைக்கழகம் சோதிச்சிருக்கு. அப்ப தண்ணி இல்ல.” கட்டிலின் ஓரத்தில், குழந்தையின் துணிப் பைக்குள்ளிருந்து அந்தத் தங்க ஓரம் எட்டிப்பார்த்தது.

நுஸ்ரத் அதை எடுத்தாள். “இந்த ஒப்பம் என்ட. நான் சோதிக்கல்ல. ஒருத்தரும் சோதிக்கல்ல. பொய்.” இதைச் சொன்னபோது அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். ஹிதாயா அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

டொக்டர் உடனே இரத்தம் எடுத்தார். அது சிவப்பாக வரவில்லை, சாக்லேட் நிறத்தில் வந்தது. மருந்து ஏற்றினார்கள். இரண்டு நாளில் அம்ஹாவின் உதடு ரோஸ் நிறத்துக்குத் திரும்பியது. “அரை நாள் பிந்தியிருந்தா...” என்று தொடங்கிய டொக்டர், ஹிதாயாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மிச்சம் நூற்று முப்பத்தைந்து தாள்கள் வீடுகளில் தொங்கின. டொக்டர் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மூன்றாம் வாரம் பதில் வந்தது. ‘மேற்படி சான்றிதழ் குறித்த போத்தலில் இருந்த நீருக்கு மாத்திரம் உரியது. கிணற்றுக்கு உரியதன்று. குறித்த போத்தல் தற்போது இல்லாதபடியால் மேலதிக நடவடிக்கைக்கு இடமில்லை.’

அந்தப் பதிலுக்காக நுஸ்ரத் காத்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இப்றாலெப்பை மௌலவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு குறை சொல்லவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் அவர் குரல் ஒன்பது ஒழுங்கைக்கும் கேட்டது. “திறந்த நாள்ல தந்த தாள நம்பி, கைக்குழந்தைகளுக்குக் கிணத்துத் தண்ணி குடுக்க வேணாம். கொதிக்க வெச்சாலும் வேணாம். தாளக் கழட்டிப் போடுங்க.” பல்கலைக்கழகம் நாலு வருடத்தில் கற்றுக்கொடுப்பதை அவர் நாற்பது வினாடியில் சொல்லி முடித்தார்.

அதன் பிறகுதான் பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டது. நுஸ்ரத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. சோதனை செய்யாமல் சோதித்தவராக ஒப்பமிட்டமை, நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தமை. பதிவாளரின் கடிதம் இவ்வளவு விரைவாக வரக்கூடியது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் ஆதம்பாவா. முறைப்பாட்டாளர் கலாநிதி ஜெமீல். வேறு ஆள் கிடைக்காததால் குழுவின் செயலாளரும் அவரே. மூன்றாமவர் ஓய்வுபெற்ற ஒரு பேராசிரியர், முழு நேரமும் கண்ணை மூடிச் சிந்தித்துக்கொண்டிருந்தார். மேசையில் மூன்று போத்தல் தண்ணீர், மூடி உடைக்காதவை. நுஸ்ரத் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போயிருந்தாள்.

“சான்றிதழில் உள்ள ஒப்பம் உங்களுடையதா?”

“ஓம் சேர்.”

“சோதித்தீங்களா?”

“இல்ல சேர். மெசின் பூட்டியிருந்த.”

“மெசினைப் பற்றிக் கேட்கவில்லை. உங்களைப் பற்றிக் கேட்கிறோம். சோதிக்காமல் ஒருவர் ஒப்பமிடலாமா?” பீடாதிபதியின் குரலில் உண்மையான வேதனை இருந்தது. “மூன்று வருடம் இங்கே என்னத்தைப் படிச்சீங்க? வாசிச்சுப் பார்க்காமல், சரிபிழை பார்க்காமல் கையெழுத்து வைக்கிறவர்களால்தான் இந்த நாடு இப்படிக் கிடக்கிறது!”

“அதுல உங்கட ஒப்பமும் இரிக்கி சேர்.”

“அது அச்சிட்டது,” என்றார் ஜெமீல் விரைவாக. “அச்சிட்டதும் வைத்ததும் ஒன்றல்ல.”

தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றார். மனம் கொஞ்சம் ஆறியதுபோல் இருந்தது. “ஒரு பிள்ளையின் தவறால் அந்த நாளின் பெறுமதி குறையாது,” என்றார் வெளியே பார்த்தபடி. “அந்த மருதங்கண்டப் பாருங்க ஜெமீல். இத்தன வருசத்துல இந்த மணல்ல ஒரு கண்டாவது தப்பிச்சிருக்கா? இது என்ன செழிப்பு! ஒரு பிடி பசளை போடல்ல. நல்ல மனிசன்ட கைராசி.”

நுஸ்ரத் எட்டிப் பார்த்தாள். கருகிய குச்சிகளின் வரிசையில் அது ஒன்று மட்டும் கரும்பச்சையாய், இலை இலையாய்த் தழைத்து, பெயர்ப்பலகையை மூடிக்கொண்டு நின்றது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

“அது கைராசி இல்ல சேர். ஒன்பதாம் ஒழுங்கைக் கிணத்துத் தண்ணி. நைத்திரேற்று எண்டது பசளைதான். புள்ளையக் கொல்லப் பாத்தது மரத்த வளத்திருக்கு. அண்டைக்கு நடந்த ஒரே சோதனை அதுதான். முடிவு வெளியால நிக்கிது, நீங்களே வாசிச்சுப் பாருங்க.”

மூன்றாமவர் கண்ணைத் திறந்து, முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றார் ஜெமீல். விசாரணை அறிக்கை முதல் நாளே தட்டச்சாகிக் கோப்புக்குள் இருந்தது. ‘மாணவி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஒரு வருட வகுப்புத்தடை விதிக்கப்படுகிறது.’ கீழே மூன்று புள்ளிக் கோடுகள். கோப்பு மேசையைச் சுற்றி வந்தது. மூன்று பேரும், ஒருவர்பின் ஒருவராக, வாசித்துப் பார்க்காமலே ஒப்பமிட்டார்கள்.